வெர்டெலின் ஊதாத் தொப்பி

சிகாகோ மேற்குப் பக்கத்தில் என் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தவள் வெர்டெல் ஹாட்ஜஸ். காலமெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறையில் வெந்தவள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு ஊதாத் தொப்பி வைத்துக்கொண்டு வந்தால் பாதிரியாரே ஒரு நிமிடம் பிரசங்கத்தை மறந்துவிடுவார்.

ஆஸ்பத்திரிக்கும் அதே தொப்பிதான். அவள் புருஷன் கிளீவன் ஒருநாள் வயிற்றுவலியில் துடித்து, வேலை செய்த அழுக்குச் சட்டையோடு அங்கே ஓடினான். கத்தினான். போதை மாத்திரைக்கு நடிக்கும் கறுப்பன் என்று திருப்பி அனுப்பினார்கள். குடல் வெடித்துச் செத்தான். அந்தச் சட்டைதான் அவனைக் கொன்றது என்று வெர்டெல் கடைசிவரை நம்பினாள்.

போன மார்ச்சில் அவளுக்கு நெஞ்சு வலித்தது. காரை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறேன், இவள் தொப்பியை வைத்துக்கொண்டு முகத்துக்குப் பவுடர் போடுகிறாள்.

"உசிரு போற நேரத்துல தொப்பி கேக்குதாடி உனக்கு?"

"நீ வாய மூடிட்டு அந்த உதட்டுச் சாயத்த எடு. பரதேசி மாதிரி போனா எவ மதிப்பா?"

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார நர்ஸ் கேட்டாள்: "எப்படி இருக்கீங்கம்மா?"

பாழாய்ப்போன ஆலயத்துப் பழக்கம். யார் கேட்டாலும் எங்களுக்கு ஒரே பதில்தான்.

"கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன்மா. நெஞ்சுல லேசா ஒரு பிடிப்பு, அவ்வளவுதான்."

"தொப்பி ரொம்ப அழகா இருக்கு. உக்காருங்க, கூப்பிடுறோம்."

உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரர், ராத்திரி உடுப்போடு வந்தவர், "செத்தேன், செத்தேன்" என்று அலறினார். சக்கர நாற்காலியில் வைத்து உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

எழுந்து நர்ஸிடம் போனேன். மேசையைத் தட்டினேன். "அவளுக்கு நெஞ்சு வலிங்க! பவுடருக்கு மேல வேர்த்துக் கொட்டுது, கண்ணு தெரியலையா?"

"சத்தம் போடாதீங்க" என்றாள் நர்ஸ். காவலாளி எழுந்து நின்றான்.

வெர்டெல் என் கையைப் பிடித்து இழுத்தாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"உக்காருடி. மானத்த வாங்காத."

"நீயும் கத்துடி. ஒரே ஒரு தடவ கத்து."

"கத்துனா வெளிய தள்ளிருவாங்க. கிளீவன் கத்தலையா?"

நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் தொப்பி நெற்றியில் சரிந்தது. அதை நிமிர்த்த அவள் கை எழவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடி வந்தார்கள்.

மாரடைப்பு, உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். "பாக்க நல்லாத்தானே இருந்தாங்க" என்றாள் அந்த நர்ஸ், நிஜமாகவே அழுதுகொண்டு. அவளை அறையவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

சவப்பெட்டியில் வைக்க அந்தத் தொப்பியைக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. வெறுந்தலையோடு போகட்டும். போகிற இடத்திலாவது அவள் அலங்கரித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.