வெர்லின் ஸ்டாம்பரின் சிக்கனத் துப்பாக்கி

வெர்லின் ஸ்டாம்பருக்கு எந்தப் பொருளையும் கடையிலிருந்து வந்தபடியே வைத்திருக்கத் தெரியாது. கிழக்கு கென்டக்கியில், மாவட்டச் சாலைத் துறையின் புல்வெட்டும் டிராக்டரை ஓட்டுவது அவன் வேலை. அரசாங்க டிராக்டரின் இருக்கைக்கே சொந்தச் செலவில் வேறு மெத்தை போட்டவன். மெத்தை உயர்ந்ததில் தலை கூரையில் இடித்தது. அதற்குத் தொப்பிக்குள் பஞ்சு வைத்துக்கொண்டான். அவன் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் துப்பாக்கிக் கதை பாக்கி இருக்கிறது.

அந்தக் கதையின் வேர் ஒரு வான்கோழியில் இருக்கிறது. மாமனார் ஹோபார்ட்டுக்கு வாதம் வந்து வலது கை வலுவிழந்த வருடம், நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்தில் வான்கோழியை யார் வெட்டுவது என்ற கேள்வி எழுந்தது. வெட்டுகிறவன்தான் மேசையின் தலைமாட்டில் நிற்பான். வீட்டின் அடுத்த ஆண்பிள்ளை அவன்தான் என்று அர்த்தம். ஹோபார்ட்டுக்கு மகன் இல்லை, இரண்டு மருமகன்கள். மூத்தவள் ரெனேயின் கணவன் கார்லண்ட். இளையவள் ட்வைலாவின் கணவன் வெர்லின். கிழவர் தீர்ப்புச் சொன்னார்: அதற்கு முன் ஊர்த் துப்பாக்கி கிளப்பில் நடக்கும் கைத்துப்பாக்கிப் போட்டியில் யாருக்கு முந்திய இடம் கிடைக்கிறதோ அவன் வெட்டட்டும்.

மூன்று வருடமாக கார்லண்ட்தான் வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டும்போது வெர்லினின் தட்டைப் பார்த்து, "உனக்குக் கழுத்தா, முதுகா?" என்று வேறு கேட்பான்.

இத்தனைக்கும் சகலைகள் இருவரின் துப்பாக்கியும் ஒன்றுதான். ஒரே கடையில், ஒரே நாளில், தள்ளுபடியில் வாங்கிய ஒரே மாதிரி. கார்லண்ட் தன்னுடையதில் செய்த ஒரே மாற்றம், பிடி வழுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியது. மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கி, ஞாயிறு மதியங்களில் குவாரி மேட்டில் சுட்டுப் பழகினான். இதைப் பெரிய ஞானம் என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வெர்லினுக்குத் தோன்றியது. தோற்றதற்குக் காரணம் ட்ரிக்கர் என்று தோன்றியது.

"மணல்ல கால இழுத்துக்கிட்டு நடக்குற மாதிரி இருக்கு ட்வைலா. நீயே இழுத்துப் பாரு."

"எனக்கு நல்லாத்தான் இருக்கு."

"உனக்குப் பழக்கமில்ல, அதான்."

ட்ரிக்கர் மாறியது. புது ட்ரிக்கருக்கு ஏற்ற மெல்லிய ஸ்ப்ரிங் வந்தது. பிறகு குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி தெரியும் கண்ணாடி ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. அதை உட்கார வைக்கத் துப்பாக்கியின் மேல்பகுதியான பழைய ஸ்லைடில் இடமில்லை. குழிவெட்டிய ஸ்லைடு ஒன்றை ஒருவன் கழித்துக்கட்டினான், வெர்லின் வாங்கிக்கொண்டான். அதில் பழைய குழல் லேசாக ஆடியது. புதுக் குழல் வந்தது; அதன் முனையில் திருகு மரை இருந்தது. மரை இருக்கும்போது அதைச் சும்மா விடுவது வீண் அல்லவா? புகையை மேல்பக்கம் தள்ளி உதறலைக் குறைக்கும் துளையிட்ட மூக்கு ஒன்றைத் திருகினான். மூக்கு நீண்டதால் இடுப்பு உறையில் துப்பாக்கி நுழையவில்லை. உறையும் மாறியது.

ஒவ்வொன்றும் மலிவு. தள்ளுபடியில் வாங்கியது எதையும் அவன் செலவாக எண்ணியதே இல்லை.

"இவ்ளோ மிச்சம் புடிச்சும் நம்ம கையில ஏன் ஒண்ணுமே மிஞ்ச மாட்டேங்குது?" என்று கேட்டாள் ட்வைலா. பள்ளி உணவுக்கூடத்தில் வேலை செய்கிறவள். இருப்பதை எல்லாருக்கும் பங்கிடத் தெரிந்தவள். கழற்றிய பாகங்கள் கிடந்த காபி டப்பாவை ஆட்டிக் காட்டினாள். "இதுக்குள்ள ஒரு முழுத் துப்பாக்கி கெடக்கு வெர்லின்."

"சட்டப்படி இல்ல. நம்பர் அடிச்ச அடிச்சட்டம் எதுவோ அதுதான் துப்பாக்கி. அது எங்கிட்ட இருக்கு."

ஒரு பொருளில் எவ்வளவு மாறினால் அது வேறு பொருளாகிறது என்று பெரிய மூளைகள் காலம் காலமாகக் குழம்பியிருக்கின்றன. வெர்லினுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. எண் அதே எண். எனவே இது சிக்கனமாக வாங்கிய அதே சாதாரணத் துப்பாக்கி. தன்னைப் பற்றியும் அவனுக்கு இப்படித்தான் எண்ணம். உள்ளே இருப்பவன் சரியாகவே இருக்கிறான், சுற்றியுள்ளவற்றைத்தான் திருத்த வேண்டும். அவனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், எந்தத் தோல்விக்கும் அவன் மனிதர்களைக் குற்றம் சொன்னதில்லை. பொருள்களைத்தான் சொன்னான். அதனால் அவனுக்கு எதிரிகள் இல்லை, சாமான்கள் நிறைய.

போட்டி நாள் காலையில் கிளப் மைதானத்தில் பனி இறங்கிக் கிடந்தது. போட்டியை நடத்துகிறவள் நடீன், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எத்தனை பேர் கத்தினாலும் குரல் உயர்த்தாத பழக்கம் அங்கிருந்து வந்தது. துப்பாக்கிகளைப் பார்வையிடும் மேசையில் வெர்லினுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெர்லின், இது சாதா வகையில வராது."

"ஏன் வராது? போன வருஷம் இதே துப்பாக்கிதான். நம்பரப் பாரு."

"நம்பர் அதேதான். மேல உக்காந்திருக்குறது என்ன, டெலிவிஷனா?"

வரிசையில் பின்னால் நின்ற கார்லண்ட் சிரித்தான். "அதுல மேட்ச் பாக்கலாமான்னு கேளு நடீன்."

"புள்ளிக் கண்ணாடி, முன்னாடி மூக்கு. ரெண்டும் இருந்தா ஓப்பன் வகைதான். விதி நான் எழுதல" என்றாள் நடீன்.

வெர்லினின் முகம் வெளுத்தது. ஓப்பன் வகை என்றால் வீட்டை அடமானம் வைத்துத் துப்பாக்கி செய்கிறவர்களின் வகை. அங்கே அவன் கடைசிதான். கடைசி என்றால் இந்த வருடமும் கழுத்தா முதுகா.

"ஓப்பன்ல எத்தன பேரு?" என்று மெல்லக் கேட்டான்.

"அவங்கல்லாம் லெக்சிங்டன்ல பெரிய போட்டிக்குப் போயிட்டாங்க. இன்னிக்கி நீ மட்டும்தான்."

வெர்லினுக்கு இது புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தில் ரத்தம் திரும்பியது; கூடவே வேறு ஏதோ ஒன்றும் வந்தது. அதற்கு அவன் பெயர் வைக்கவில்லை. "அப்ப எழுதிக்க" என்றான்.

அன்று அவன் சுட்டதைச் சுடுதல் என்று சொல்வதற்குப் பெருந்தன்மை வேண்டும். மெல்லிய ஸ்ப்ரிங்குக்குத் தோட்டாவின் பின்புறத்தைத் தட்டி எழுப்பும் தெம்பில்லை. இழுத்தால் 'டிக்' என்றது. ஸ்லைடை இழுத்து விட்டான், அடுத்தது வெடித்தது, அதற்கடுத்தது மறுபடி 'டிக்'. குறிக்கு வைத்த இரும்புத் தட்டுகள் வரிசையாக நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. நடீனின் கையில் கடிகாரம் ஓடியது.

"உள்ள யாராவது இருக்காங்களான்னு தட்டிப் பாக்குறான்" என்றான் கார்லண்ட், எல்லாருக்கும் கேட்கும்படி.

மைதானத்தில் அன்று அவனைவிட மெதுவாகச் சுட்டவர் எவருமில்லை. மாலை நடீன் முடிவுகளை ஒட்டினாள். சாதா வகை, மூன்றாம் இடம், கார்லண்ட் கோம்ஸ். ஓப்பன் வகை, முதல் இடம், வெர்லின் ஸ்டாம்பர்.

நன்றி நாளன்று ஹோபார்ட் வீட்டு மேசையில் வான்கோழி ஆவி பறக்க வந்து உட்கார்ந்தது. சோள ரொட்டிப் பூரணம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பீன்ஸ் எல்லாம் சுற்றிலும் இருந்தன. கிழவர் இடது கையால் கத்தியை நகர்த்தினார்.

"யாரு?"

"வெர்லின்தான்ப்பா. முதல் இடம்" என்றாள் ட்வைலா. தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

கார்லண்ட் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டான். மூன்று வருடம் வெட்டியபோது இல்லாத சந்தோஷம் இப்போது அவன் முகத்தில் இருந்தது. "ஆமா, முதல் இடம். சொல்லு வெர்லின், எத்தன பேர ஜெயிச்ச? நல்ல நாளும் அதுவுமா, சொல்லு."

ரெனே அவன் காலை மேசைக்கடியில் மிதித்தாள். மிதித்தது எல்லாருக்கும் தெரிந்தது.

வெர்லின் ஸ்லைடைச் சொல்லியிருக்கலாம், ஸ்ப்ரிங்கைச் சொல்லியிருக்கலாம். குளிரையும் தோட்டாவையும் சொல்லியிருக்கலாம். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன.

"யாரையும் இல்ல," என்றான். "நான் மட்டும்தான் இருந்தேன். எல்லாரையும் விட லேட்டா முடிச்சேன்."

ட்வைலா தலை நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். திருமணமான இத்தனை வருடத்தில், நடுவில் ஒரு சாமானை வைக்காமல் அவன் பேசிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஹோபார்ட் கத்தியை வெர்லின் பக்கம் தள்ளினார். "பேச்சு பேச்சுதான். முந்துன எடம் யாருக்கோ அவன் வெட்டட்டும்னுதான் சொன்னேன். வெட்டு. இதுவும் தனியாத்தான் கெடக்கு, ஓடவும் ஓடாது. உன் கைக்குத் தோதா இருக்கும்."

கார்லண்ட் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். வெர்லின் எழுந்து தலைமாட்டுக்கு வந்தான். இந்த இடத்துக்காகத்தான் நாலு வருடம். கத்தியைக் கையில் எடுத்தான். எடை பார்த்தான். ஒருமுறை திருப்பினான், கட்டை விரலால் பிடியைத் தடவினான்.

"பிடி லேசா வழுக்குது," என்றான் யோசனையாக. "இதுக்கு நல்லதா ஒண்ணு தள்ளுபடியில..."

"வெர்லின்," என்றாள் ட்வைலா. "வெட்டு."