கம்பளி போர்த்திய பிரிண்டர்

எங்கள் பள்ளிக்கூட ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த வருஷம், அதோடு வந்த பிரிண்டருக்கு மேனேஜர் கம்பளி போர்த்தி வைத்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பக்கத்தில் ஹீட்டர் வேறு. கொடைக்கானல் மஞ்சு, அந்த ஈரப் பனிமூட்டம், உள்ளே இறங்கித்தான் அது எழுத்தை விழுங்குகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. சின்னக் கடிதம் அடித்தால் ஒழுங்காக வரும். ஹாஸ்டல் பிள்ளைகளின் பெயர்களை மொத்தமாக அடித்தால் பாதிப் பக்கத்துக்கு மேல் வரி வரியாகக் காணாமல் போகும். கம்பளிக்கும் அது அடங்காதபோது பழி என் தலையில் விழுந்தது. நான் அங்கே எலெக்ட்ரீஷியன். கூக்கால் கிராமத்தில் எட்டாவதோடு படிப்பை விட்டவன். "எட்டாங்கிளாஸ்காரன் இழுத்த வயருங்க, கரண்டு இப்படித்தான் வரும்" என்று, நான் ஏணியில் நிற்கும்போதே பிரின்சிபால் அம்மாவிடம் சொன்னார். லீவுக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை என்றும் முடிவாகிவிட்டது.

மேனேஜர் மதுரைக்குப் போயிருந்த ஒரு நாள், நான் மீட்டரோடு அந்த அறைக்குள் போனேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே பார்த்துப் பிடித்தேன். கம்ப்யூட்டர் கடகடவென்று சொல்லிக்கொண்டே போகிறது, பிரிண்டரோ மெதுவாக எழுதுகிறது. கொஞ்சம் எழுத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். அது நிரம்பியதும், 'பொறு' என்று பிளக்கின் ஒரு காலில் வோல்டேஜை மாற்றிக் காட்டுகிறது. மீட்டர் முள் அதை எனக்குச் சொன்னது. கம்ப்யூட்டருக்குத்தான் சொல்ல வழியில்லை. அந்தக் கேபிளில் அதற்கான வயரே கிடையாது. ஒரு வயரை வைத்துப் பற்றவைத்தேன். அத்தனை பெயரும் ஒன்று விடாமல் வந்தது.

திரும்பி வந்த மேனேஜர், தானே செட்டிங்கை மாற்றிச் சரிசெய்ததாக அம்மாவிடம் போய்ச் சொன்னார். என்னை அனுப்பும் பேச்சை மட்டும் மாற்றவில்லை.

நான் சண்டைக்குப் போகவில்லை. கேபிளைக் கழற்றி, பிளக்கின் மூடிக்குள் ஒரு சின்ன சுவிட்சை வைத்தேன். ஒரு பக்கம் தள்ளினால் 'பொறு' போய்ச் சேரும். மறுபக்கம் தள்ளினால் பழைய கேபிளேதான். பள்ளிக்கூடக் கமிட்டிக்காரர்கள் கம்ப்யூட்டரைப் பார்க்க வருகிற அன்று காலை வெள்ளனே போய் மறுபக்கம் தள்ளிவிட்டு வந்தேன்.

மேனேஜர் கோட்டு போட்டுக்கொண்டு, ஹாஸ்டல் பெயர்களை அடித்துக் காட்ட பட்டனைத் தட்டினாராம். கமிட்டித் தலைவர் காகிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏங்க, என் பேரன் இந்தப் பள்ளிக்கூடத்துலதான படிக்கிறான்?" என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்விக்காகவே நான் ஆயுசு முழுக்க சிரிக்கலாம். அப்புறம் என்னைக் கூப்பிட ஆள் வந்தது. மழையில் நனையாமல், அவசரப்படாமல் போனேன்.

"மேனேஜர் சாருதான சரி பண்ணுனாரு. அவரையே பாக்கச் சொல்லுங்கம்மா" என்றேன்.

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்து ஏதோ முனகினார்.

"மழைச் சத்தத்துல கேக்கல சார்" என்றேன்.

"இவன்தாங்க சரி பண்ணுனான்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

பிளக்கை அழுத்திப் பார்ப்பதுபோல் சுவிட்சைத் தள்ளினேன். மறுபடி அடித்ததும் காகிதத்தில் பேரன் வந்துவிட்டான்.

இன்று பழனியிலும் கொடைக்கானலிலும் எனக்குக் கடை இருக்கிறது, இன்ஜினியரிங் படித்த பையன்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அந்த நாள்தான். என் வேலை நிலைத்தது. கம்ப்யூட்டர் அறைச் சாவியையும் அம்மா என் கையில் கொடுத்தார். மறுநாளிலிருந்து, ஓய்வு பெறும்வரைக்கும், மேனேஜர் காலையில் என்னிடம் வந்துதான் சாவி கேட்க வேண்டும். "தம்பி, சாவி" என்பார். "டீ குடிச்சிட்டு வர்றேன் சார்" என்பேன். டீ ஆறிப் போயிருந்தாலும் மெதுவாகத்தான் குடிப்பேன்.