புரவிச் சீட்டு

காளீஸ்வரியை நான் நம்பியதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செக்காலை ரோட்டில் ஒரு மொபைல் கடைக்கு மேலே, ஒரே அறையைப் பிளைவுட் தட்டி வைத்து இரண்டாகப் பிரித்திருக்கிறோம். இந்தப் பக்கம் நான் ப்ளவுஸ் தைக்கிறேன். அந்தப் பக்கம் அவள் டாரட் என்கிற படச் சீட்டை வைத்துக் குறி பார்க்கிறாள். தட்டி கூரை வரை போகாது. மிஷினை நிறுத்தினால் அங்கே பேசுவது அத்தனையும் இங்கே வந்துவிடும். நான் அடிக்கடி நிறுத்துவேன்.

என் பெயர் அருளம்மாள். உப்பு வாங்கினாலும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பாள் என்று என் வீட்டுக்காரர் சாலமன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டுமே. குறி, ஜோசியம் எதையும் நம்பாதீர்கள் என்று எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொல்கிறார். அவர் சொல்லாவிட்டாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

காளீஸ்வரி பத்தர் வீட்டுப் பெண். அப்பா நகை செய்தவர். இவள் கொஞ்ச காலம் நகைக்கடையில் பில் போட்டாள். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அப்புறம் செல்போனில் வீடியோ பார்த்துச் சீட்டுக் கற்றுக்கொண்டாளாம். வீடியோ பார்த்துச் சாம்பார் வைக்கலாம், அடுத்தவர் தலையெழுத்தைச் சொல்ல முடியுமா? ஆனாலும் ஆள் வந்துகொண்டுதான் இருந்தது.

அவளுடைய சீட்டுக்கட்டு ஓரமெல்லாம் நைந்து துணி மாதிரி ஆகிவிட்டது. படமும் பிரமாதம் இல்லை. மூட்டையோடு பள்ளத்தைப் பார்த்து நடக்கிற ஒருத்தன், தலைகீழாகத் தொங்குகிற ஒருத்தன், ஒரு சூரியன். ஆனால் சின்னப் பிள்ளைக்கும் என்ன படம் என்று விளங்கும். சீட்டைத் திருப்பிப் போட்டதும் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். வந்தவர் பக்கம் நகர்த்தி, "என்ன தெரியுது, பாத்துச் சொல்லுங்க" என்பாள். அவர்கள் பேசின பிறகுதான் இவள் வாயைத் திறப்பாள். காசு கொடுத்து வந்தவர்களையே குறி சொல்ல வைக்கிறாளே, இவளல்லவா பிழைக்கத் தெரிந்தவள் என்று நினைத்துக்கொள்வேன்.

டீ கொடுக்கிற சாக்கில் போய் நின்று அவள் விரல்களையும் பார்ப்பேன். பத்தர் வீட்டு விரல் அல்லவா, கலைக்கும்போது எதையாவது மாற்றி வைக்காமலா இருக்கும்? ஒருநாளும் அகப்படவில்லை. அகப்படாததே எனக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது.

போன மாசி மாதம் ஹரிகிருஷ்ணன் என்று ஒருவர் மாடியேறி வந்தார். வலையபட்டியில் ஒரு பெரிய வீட்டை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள், அதற்கு மேனேஜர். சென்னையில் யாரோ ஒரு ஓவியரை வைத்து ஹோட்டலுக்கென்றே ஒரு டாரட் கட்டு வரைய வைத்தாராம். காளீஸ்வரி முற்றத்தில் உட்கார்ந்து அதை வைத்து விருந்தாளிகளுக்குப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம், போக வரக் கார்.

"ஒரு வாரம் இதுல பழகிப் பாருங்க மேடம். சனிக்கிழமை வந்து உங்க முடிவைக் கேட்டுக்கிறேன்" என்று பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

அவர் படி இறங்குவதற்குள் காளீஸ்வரி என் பக்கம் ஓடி வந்தாள். "அக்கா, மாசம் பொறந்தா கையில சம்பளம். தனியா ஒரு வீடு பாத்துப் போயிருவேன். அண்ணி மொகத்தைப் பாத்துப் பாத்துச் சோறு திங்க வேண்டாம்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அந்த வீட்டில் அவள் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

அந்தப் புதுச் சீட்டுக்கட்டை என் வெட்டு மேசையில் பரப்பினோம். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஓரமெல்லாம் தங்கம். பின்பக்கம் ஆத்தங்குடிக் கல் தரை மாதிரிப் பூ வேலை. காளீஸ்வரி ஒவ்வொரு சீட்டையும் கண்ணருகே கொண்டுபோய், "கோடு எவ்வளவு சுத்தம் பாத்தீகளா! எங்க அப்பா பாத்தா விட மாட்டாரு" என்று பூரித்தாள்.

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு மினுக்கினால் உள்ளே ஏதோ கோளாறு இருக்கும். எந்தச் சீட்டைப் பார்த்தாலும் தூண், கதவு, முற்றம். பழைய சீட்டுக்கட்டில் தடி இருந்த இடத்தில் இதில் தூண் போட்டிருந்தார்கள். எந்தத் தூண் சீட்டுக்கு உரியது, எந்தத் தூண் வீட்டுக்கு உரியது? டியூப் லைட்டில் தங்கம் பளிச்சென்று அடித்து, சீட்டின் அடியில் எழுதியிருந்த பேரே தெரியவில்லை.

"பாக்க நல்லாத்தான் இருக்கு. படிக்க முடியலையேடி."

"நான் போயிருவேன்னுதான இப்படிச் சொல்றீக?" என்று வெடுக்கென்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. அதுவும் உண்மைதான். அவள் போனால் மிஷினை நிறுத்திவிட்டு நான் எதைக் கேட்பேன்?

பேச்சை மாற்ற ஒரு சீட்டை எடுத்தேன். வெள்ளையடித்துப் பூமாலை போட்ட மண்குதிரை. "அட, புரவி!" என்றேன். வேண்டுதல் பலித்தால் ஐயனாருக்கு மண்குதிரை செய்து தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரியானாலும் இந்த ஊரில் பிறந்தவளுக்கு அது தெரியாதா?

காளீஸ்வரி பெட்டியிலிருந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினாள். முகம் மாறியது. பழைய கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவிப் பக்கத்தில் வைத்தாள். அதில் வெள்ளைக் குதிரைமேல் எலும்புக்கூடு.

"இது மரணச் சீட்டுக்கா. சாவுன்னு இல்ல, ஒண்ணு முடிஞ்சுபோச்சு, விட்டுருன்னு அர்த்தம். ஹோட்டல்ல தங்க வாரவுக பயந்துருவாகன்னு எலும்புக்கூட்டை எடுத்துட்டாக போல. குதிரை மட்டும் நிக்கிது."

"அடப்பாவிகளா!"

"பழகிக்கிருவேன்க்கா" என்று கட்டை அடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் சொர்ணவல்லி வந்தாள். முறுக்குச் சுட்டு விற்கிறவள், என்னிடம்தான் ப்ளவுஸ் தைப்பாள். மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. கோவிலூரில் இருக்கிற அண்ணனோடு பேச்சுவார்த்தை கிடையாது. தாய்மாமன் இல்லாமல் எப்படிக் கல்யாணம்? நானே போய் அழைக்கவா, வேண்டாமா என்று கேட்டாள். நான் மிஷினை நிறுத்தினேன். காளீஸ்வரி புதுக் கட்டைக் கலைக்கிற சத்தம் கேட்டது.

"என்ன தெரியுது?"

"ஆத்தாடி, புரவி! நான் ஐயனாருக்கு நேந்துக்கிட்டது உனக்கு எப்படித் தெரியும்? அண்ணன் வந்திரும். நான் இப்பவே போறேன்!"

அது மரணச் சீட்டு என்று காளீஸ்வரி சொல்லுவாள், சொல்லுவாள் என்று ஊசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. சொர்ணவல்லி தடதடவென்று படியிறங்கி ஆட்டோ பிடித்தாள். நான் தட்டியைச் சுற்றிக்கொண்டு போய், "சம்பளம் கண்ணை மறைக்குதாடி?" என்று கத்தினேன்.

"அவுக மொகத்துல அம்புட்டுச் சந்தோசம்க்கா. வாய் வரல" என்றாள். நான் நம்பவில்லை.

சாயங்காலம் சொர்ணவல்லி திரும்பி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அண்ணன் வீட்டில் அவனுடைய சம்பந்தக்காரர்கள் கூடியிருந்த நேரம், அத்தனை பேர் முன்னாலும், "எந்த மூஞ்சியோட வந்து வாசல்ல நிக்கிற?" என்று அண்ணன் கேட்டிருக்கிறான். பத்திரிகையைக் கையால்கூடத் தொடவில்லை. "புரவியைக் காட்டித்தான போகச் சொன்ன?" என்று காளீஸ்வரியைப் பார்த்துக் கேட்டாள். காளீஸ்வரி அவள் காலில் விழப்போனாள். சொர்ணவல்லி நிற்காமல் போய்விட்டாள். அதற்கப்புறம் சனிக்கிழமை வரை காளீஸ்வரி யாருக்கும் சீட்டுப் போடவில்லை.

சனிக்கிழமை ஹரிகிருஷ்ணன் வந்தார். பெட்டியில் அச்சடிக்கக் காளீஸ்வரியின் போட்டோ வேண்டும் என்றார். நான் டீயோடு போய் நின்றேன்.

"சார், படம் கண்ணுல ஒத்திக்கிறலாம். ஆனா படிக்கத் தோது இல்ல. ஒரு சீட்டு ஆளை ஏமாத்துது" என்றாள்.

"எங்க மேடம்? ஒவ்வொரு சீட்டையும் வரையும்போது நானே கூட இருந்தேன்" என்று சிரித்தார். "சரி, எனக்கே ஒண்ணு எடுங்க. நீங்க எங்ககிட்ட வர்றது நல்லபடியா அமையுமா?"

அவள் கலைத்தாள். மேல் சீட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஆகா, புரவி!" மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஐயனாரே உத்தரவு குடுத்துட்டாரு. இனி என்ன யோசனை?"

"பேரைப் படிச்சுப் பாருங்க சார்."

அவர் சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். 'மரணம்' என்று படித்ததும் அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"வரைய வச்ச உங்களுக்கே இப்படின்னா?"

"வர்றவங்கள்ல பாதிப் பேர் வெளிநாடு. அவங்களுக்குப் புரவி எங்க தெரியும்?"

"உங்க அடுப்படியில நிக்கிறவுக எங்க ஊரு ஆளுக சார். அவுகளும் எங்கிட்ட வந்து சீட்டு எடுக்கச் சொல்லுவாக. இந்த ஒத்தச் சீட்டை மாத்திக் குடுங்க. இல்ல, என் பழைய கட்டோட வாரேன்."

"சீட்டெல்லாம் அச்சாகி வந்தாச்சு. எங்க கட்டு இல்லாம அந்த வேலை இல்ல மேடம்." பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டீயைக் குடிக்கவே இல்லை.

என் பாழாய்ப்போன மனசு ஒரு நொடி சந்தோஷப்பட்டது, அவள் போகவில்லை என்று. அடுத்த நொடி, கலைத்த அவள் கை கண்முன் வந்தது. ஊசிக் கண்ணில் நூல் கோக்கிற என் கண்ணுக்கு அது தப்புமா?

"ஏண்டி, கலைக்கும்போது ஒன் சுண்டுவிரல் அடியில போச்சே. அந்தக் குதிரையை நீதான மேல கொண்டுவந்த?"

அவள் தலையைக் குனிந்துகொண்டே, "ஆமாக்கா. வாயால சொன்னா அவருக்கு ஏறாது" என்றாள்.

இத்தனை காலம் நான் காத்திருந்து காத்திருந்து பிடிக்க நினைத்த திருட்டு! ஏமாற்றுகிறவள் தனக்கு நாலு காசு வரத்தான் ஏமாற்றுவாள். இவள் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள ஏமாற்றியிருக்கிறாள்.

"தனி வீடுன்னியேடி, பாவி மகளே!"

"அண்ணி வீடு இருக்குல்ல" என்று பையை எடுத்தாள். 

"இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி வச்சிருக்கியா?"

"இல்லக்கா. சொன்னா நீங்க நம்பவா போறீக?"

"நம்புறேன்டி" என்றேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதாள்.