காலடியில் விரித்த வலை

அந்தப் பளபளப்பான சப்பாத்தின் நுனி வலைக்கண்ணில் மாட்டி இழுபட்டதை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. கொழும்பில் ஒரு கண்காட்சி மண்டபம். கையில் குளிர்பானத்தோடு வந்தவர்கள் மிதித்து நடந்தது எங்கள் சித்திரபாட ரீச்சரின் வேலையை.

ரீச்சரும் நானும் முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். கடல் ஒதுக்கிய கட்டை, அறுந்த கயிறு, உடைந்த மிதப்பு என்று எல்லாவற்றையும் பொறுக்கி வந்து திருக்கையும் ஆமையும் செய்வார். அவர் வீட்டுக்குப் போனால் உட்காரக் கதிரை வெறுமையாக இருக்காது. அந்தக் கண்காட்சிக்கென்று கிழிந்த வலைகளையும் பழஞ்சேலைகளையும் சேர்த்துத் தைத்து, கண்டல் மரப்பட்டையில் சாயமேற்றி, சுவர் அகலத்துக்கு ஒரு கடல் செய்தார். வலைகளைக் கொடுத்தவர்கள் கரையிலிருந்த பெண்கள். சிலருக்குப் புருஷன் விட்டுப்போனது அந்த வலை ஒன்றுதான். எங்கள் கரையில் வலையை ஒருவரும் மிதிப்பதில்லை, விரித்துக் கிடந்தால் சுற்றித்தான் போவோம். "கால் படாது, நான் பொறுப்பு" என்று வீட்டுக்கு வீடு சொல்லித்தான் ரீச்சர் வாங்கினார்.

மண்டபத்தில் அதை நிலத்தில் விரித்துவிட்டார்கள். கடல்மேல் நடக்கிற அனுபவமாம்! ரீச்சர் பதறிப்போய் ஏற்பாட்டாளரிடம் கேட்டார். அவரும் தமிழர்தான். "கழிவுப் பொருள்தானே மிஸ், பழுதாகாது" என்று சிரித்தார்.

"கழிவெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? கிழிஞ்ச வலையெண்டுதானே நான் சொன்னனான்" என்றார் ரீச்சர்.

மேடையில் பேச்சு நடந்துகொண்டிருக்கவே ரீச்சர் குந்தியிருந்து சுருட்டத் தொடங்கினார். நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். ஒருவர் காலை எடுக்காமல் நின்றார். தள்ளிவிட்டேன். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

ஊருக்கு வந்து ரீச்சர் ஒன்றையும் மறைக்கவில்லை. வலை தந்த எல்லோரிடமும் போய்ச் சொன்னார். ஒரு அக்கா மட்டும் சப்பாத்து கிழித்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ர மனுசன்ர வலையைத் தந்திடுங்கோ ரீச்சர்" என்றார். ரீச்சர் தன் கையாலேயே அந்தத் துண்டை வெட்டிக் கொடுத்தார். நடுக்கடலில் பெரிய ஓட்டை. அதற்கு அவர் ஒட்டுப் போடவேயில்லை, அப்படியே தன் வீட்டுச் சுவரில் தொங்கவிட்டார்.

போன மாதம் அதே ஏற்பாட்டாளர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். யாரோ எடுத்த படத்தில் அதைப் பார்த்தாராம். அந்த ஓட்டைதான் படைப்பின் உயிராம், வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டுமாம். வெட்கங்கெட்ட மனிதன்! நான் வாயில் வந்தபடி ஏசத் தொடங்க, பக்கத்திலிருந்த ரீச்சர் தொலைபேசியை வாங்கினார்.

"ஓட்டை உங்கட ஆக்கள் செய்தது. அதை மட்டும் கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.