ஓவோ, தோ, ஓனோ

யாராவது "யார் செய்றீங்க?" என்று கேட்டால் என் கை தானாகத் தூக்கிக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.

அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் டெம்பரரி டைப்பிஸ்டாக இருந்தேன். யூகோஸ்லாவியாவிலிருந்து புது மெஷின் வருகிறது, அதைப் பொருத்தி ஓட்டிக் கொடுக்க வரும் இஞ்சினியருக்கு இங்கிலீஷ் வராது, யாராவது அவருடைய குரோவேஷிய மொழியைக் கற்றுக்கொள்கிறீர்களா என்று மேனேஜர் கேட்டார். கை மேலே போயிருந்தது. "மெஷின் ஓடிச்சுன்னா உன்னப் பெர்மனென்ட் பண்ணிடலாம்மா" என்றார். அது போதாதா?

மெஷின்காரர்கள் அனுப்பிய ஒல்லிப் புத்தகமும் கேசட்டும்தான் குரு. வணக்கம், நன்றி, எண்கள் எல்லாம் சுருக்காக ஏறிவிட்டன. இடறியது சுட்டுச் சொற்களில். என் பக்கத்தில் இருப்பது ஓவோ. உங்கள் பக்கத்தில் இருப்பது தோ. இருவருக்கும் எட்டத்தில் இருப்பது ஓனோ. நமக்கு இது, அது என்று இரண்டே போதும். அ, இ, உ என்று மூன்று சுட்டு படித்ததும், "உ இப்ப வழக்கில் இல்லை" என்று டீச்சர் ஒரே வரியில் தாண்டிப் போனதும் ஞாபகம் வந்தது. அந்த நடுச் சுட்டுக்காகத்தான் ஆவடி ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி தினமும் முணுமுணுத்தேன்.

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டுச் சமையலறையிலும் விடவில்லை. கரண்டி என் கையில் இருந்தால் ஓவோ, அம்மா கையில் இருந்தால் தோ என்று விளக்கினேன்.

"யார் கைல இருந்தாலும் அது கரண்டிதானடி. கழுவி வை" என்றாள் அம்மா.

இஞ்சினியர் சித்திரை வெயிலில் வந்து இறங்கினார். கனத்த உடம்பு, ஷெட்டுக்குள் நுழைந்ததுமே முகம் சிவந்துவிடும். அவருக்கும் எங்கள் ஃபிட்டர் அண்ணனுக்கும் நடுவில் நாள் முழுக்க நான் நிற்க வேண்டும். "அந்த ஸ்பேனர இப்டி குடுக்கச் சொல்லு தங்கச்சி" என்பார் ஃபிட்டர். ஸ்பேனர் இஞ்சினியர் கையிலேயே இருக்கும். பழக்க தோஷத்தில் நான் ஓனோ என்பேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஷெட்டின் கடைசியில் இருந்த அலமாரிவரை போய்த் தேடிவிட்டு வருவார்.

"கைலயே வச்சிகினு எங்க தேடிகினு போறாரு இவுரு?"

சாயங்காலத்துக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும். இப்படியே போனால் மெஷின் எப்போது ஓடுவது, நான் எப்போது பெர்மனென்ட் ஆவது?

ஓட்டிப் பார்க்க வேண்டிய நாளும் வந்தது. இஞ்சினியர் மெஷினுக்கு அடியில் பாதி நுழைந்து படுத்தபடி எண்ணெய்க்குக் கை நீட்டினார். ஃபிட்டர் எண்ணெய் கேனைக் கொண்டுபோய் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"எட்த்துக்க சார்."

இஞ்சினியர் எழுந்து உட்கார்ந்தார். கேனை எடுத்து ஃபிட்டர் கையில் திணித்துவிட்டு மறுபடி கை நீட்டினார். ஃபிட்டர் மறுபடி தரையில் வைத்தார். இஞ்சினியர் துடைக்கிற துணியை வீசிவிட்டு, வெளியே புங்க மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். போகிறபோது அவர் கத்தியதில் 'நாய்' என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. நாய்க்கு வைப்பதுபோல் வைக்கிறீர்களே என்கிறார்.

மேனேஜர் ஓடி வந்தார். "என்னம்மா சொல்லித் தொலைச்ச அவர்கிட்ட?"

"அண்ணே, கைல குடுத்தா என்னண்ணே?" என்று ஃபிட்டரிடம் கேட்டேன்.

"எண்ணெய போயி யாராச்சும் கைல குடுப்பாங்களா? சண்ட வந்துரும். அதுவும் நல்ல காரியம் ஆவசொல்ல?"

"இப்ப வந்துடுச்சே!"

"அது அவுரா இஸ்துகினது."

இதைச் சொல்ல என் ஒல்லிப் புத்தகத்தில் ஒரு பாடமும் இல்லை. கேனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். கேனை அவர் கையில் கொடுப்பதுபோல் காட்டி, என் இரண்டு முஷ்டிகளையும் ஒன்றோடொன்று மோதவிட்டேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். பிறகு கேனை அவர் காலருகில் மெதுவாக வைத்துக் கும்பிட்டு, "தோ" என்றேன். யோசிக்காமலே சரியாக வந்துவிட்டது. அவர் என்னையும் கேனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து எடுத்துக்கொண்டார். மத்தியானம் மெஷின் ஓடியது.

அதோடு முடிந்திருக்கலாம். டீ வந்தபோது, மரியாதையைக் கற்றுக்கொண்ட சந்தோஷத்தில், இஞ்சினியர் ஃபிட்டரின் கிளாஸை எடுத்து அவர் முன்னால் தரையில் வைத்தார். வைத்துவிட்டுச் சிரித்தார். ஃபிட்டர் சிரிக்கவில்லை.

"டீய கைல குடுக்கச் சொல்லு தங்கச்சி" என்றார் தணிந்த குரலில். "எங்கப்பனுக்கு டீக்கடைல கீய வச்சது போதும்."

நாள் முழுக்க நின்ற களைப்பு, ஆனாலும் எழுந்தேன். கிளாஸை எடுத்து இஞ்சினியர் கையில் கொடுத்து, அந்தக் கையை ஃபிட்டர் பக்கம் திருப்பிவிட்டேன். ஃபிட்டர் வாங்கிக்கொண்டார். ஏன் என்று இஞ்சினியர் கேட்டார். நான் என் டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தேன்.

அவர் ஊருக்குப் போன பிறகு மேனேஜர் கூப்பிட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"அடுத்தது ஜப்பான் மெஷின்மா. நீதான் கெட்டிக்காரியாச்சே. பெர்மனென்ட் எல்லாம் அது ஓடின பிறகு பாத்துக்கலாம்."

கையைத் தூக்கவில்லை. மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாய்தான் கேட்டுவிட்டது:

"புஸ்தகம் எப்ப சார் வரும்?"