பூசையில் வைத்த பந்து

உலகத்திலேயே தலைசிறந்த கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் யார் என்று என் மகளும் அவளுடைய தாய்மாமனும் மூன்று மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று ஆடுகிறவர், ஓய்வு பெற்றவர், நான் பிறப்பதற்கு முன்னால் ஆடியவர் என்று எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டுமாம். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு பெயரை எழுதலாம் என்பது சட்டம். அதற்கென்று ஒரு நீல அட்டை நோட்டு. அந்த நோட்டின் மேல் எனக்கு வந்த பொறாமையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மச்சான் என் மனைவிக்கு ஒரே தம்பி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வீடு. சனிக்கிழமை தவறாமல் கோமுட்டர் ரயில் ஏறி எங்கள் ஊர் கிள்ளானுக்கு வந்துவிடுவான். பள்ளி நாளில் கூடைப்பந்து ஆடியவன். என் மகளுக்குப் பத்து வயதில் முதல் பந்தை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். வந்ததும் இருவரும் எங்கள் தாமான் குடியிருப்புத் திடலில் வியர்க்க வியர்க்க ஆடுவார்கள். பிறகு வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, துளசித் தொட்டியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பழைய ஆட்டங்களைப் பார்ப்பார்கள். துளசித் தொட்டியில் சாய்க்காதே என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்டால்தானே.

"மாமா, சும்மா கோப்பைய எண்ணாதீங்க. அவரு கூட ஆடுன மத்த நாலு பேரு யாரு, அதப் பாருங்க."

"கோப்பைய எண்ணாம வேற எத எண்ணுறது? தல முடியையா? உன் ஆளுக்கு அதுவும் இல்லயே லா!"

இப்படிச் சிரிப்பார்கள். நான் உள்ளே தமிழ்ப் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இடையில் எழுந்து போய், "டீ போடச் சொல்லவா?" என்று கேட்பேன். "வேணாம்பா" என்று பதில் வரும். முகம் திரும்பாது.

நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். கேரி தீவிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரி ஓட்டுகிறேன். பந்து வளையத்துக்குள் விழ வேண்டும் என்பது தெரியும். அதற்கு மேல் தெரியாது. அந்த வெளிநாட்டுப் பெயர்களும் என் நாக்கில் நிற்காது. அதனால் நானாக ஆளுக்கொரு பெயர் வைத்தேன். பந்தைத் தாழ்வாக, விரல் தெரியாத வேகத்தில் தட்டுகிறவர் தவில்காரர். ஆட்டம் தொடங்கும் முன் உடம்பை உலுக்கிக்கொள்கிறவர் சாமியாடி. மற்றவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டிய ஆள் கோபுரம். பந்து கையில் வந்தால் தான் போடாமல் அடுத்தவனுக்கே கொடுத்துக்கொண்டிருப்பவர் பரிமாறுகிறவர். அவர்கள் மும்முரமாகப் பேசும்போது வாசற்படியில் நின்று, "என்னா, உங்க சாமியாடி இன்னிக்கி மலையேறிட்டாரா?" என்று கேட்பேன். மகள் சிரிக்கட்டும் என்று பாதி, அவர்கள் பேச்சு கெடட்டும் என்று பாதி.

அவன்மேல் எனக்கு எரிச்சல் இந்த நோட்டோடு தொடங்கியதல்ல. நம் சனங்களில் தாய்மாமனுக்கு உள்ள இடம் எல்லாருக்கும் தெரியும். என் மகளுக்குக் காது குத்தியபோது அவன் மடியில்தான் உட்கார்ந்தாள். வலி தாங்காமல் கத்தி, அவன் கழுத்தைத்தான் கட்டிக்கொண்டாள். அவள் பெரியவளானபோது சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு முன்னால் நடந்ததும் அவன்தான். எல்லாரும் அவனைப் படம் எடுத்தார்கள். அன்றைக்கு நான் லோரியில் நாற்காலி ஏற்றி வந்து பந்தலில் இறக்கிக்கொண்டிருந்தேன். எந்தப் படத்திலும் நான் இல்லை. நாளைக்குக் கல்யாணம் என்றாலும் முதல் மாலை அவன் கையால்தான். இதில் யார் தப்பும் இல்லை, முறை அப்படி. தெரிந்தும் நெஞ்சு எரிந்தது.

ஆறாம் படிவம் முடித்து மகளுக்குக் கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அதைக் கேட்டதும் மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், பாப்பா எங்க வீட்லயே இருக்கட்டும். அஞ்சு நாள்தான? வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்க வந்துடப் போவுது. தினமும் ரயில்லயே பாதி நாளு போயிடும். விஜயதசமி நல்ல நாளு, அன்னிக்கே வந்துடட்டும்."

அவனுக்கும் அவன் மனைவிக்கும் பிள்ளை இல்லை. வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. அவன் கேட்டது நியாயம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இருக்கிற ஒரே பெண்ணையும் கொண்டுபோகப் பார்க்கிறான் என்றுதான் பட்டது. சனிக்கிழமை ஒரு நாளுக்கே அவள் பக்கத்தில் எனக்கு நாற்காலி இல்லை. அஞ்சு நாள் அங்கே இருந்தால் நான் யார்?

"பாப்போம்" என்றேன். இரண்டு வாரம் அதே பதில். மகள் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காமல் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

சரஸ்வதி பூசை சனிக்கிழமையில் வந்தது. விடிந்ததும் லோரியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். பிறகு சாவியைக் கொண்டுவந்து பூசையறையில் வைத்தேன். பக்கத்தில் மனைவியின் தையல் கத்தரிக்கோல், மகளின் புத்தகங்கள். எங்கள் வீட்டில் இதில் மட்டும் கண்டிப்பு அதிகம். பூசையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி தீபாராதனை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. அன்று படிப்பும் இல்லை, எழுத்தும் இல்லை.

புத்தகங்களை அடுக்கும்போது அலமாரியில் அந்த நீல நோட்டு தெரிந்தது. கதவோரம் பந்து கிடந்தது. இரண்டையும் எடுத்தேன்.

"அப்பா, நோட்டு வேணாம்பா. இன்னிக்கி மாமா வராரு, லிஸ்ட முடிக்கணும். ஒன்னுதான் பாக்கி."

"சரஸ்வதிக்கு நோட்டு வெக்காம வேற என்னா வெக்கிறது? பந்தும் உனக்கு ஆயுதந்தான?"

பந்து நிற்காமல் உருண்டது. சமையலறையிலிருந்து பானை வைக்கும் பிரிமணையை எடுத்துவந்து அதன்மேல் உட்கார வைத்தேன். மூன்று பட்டையாகத் திருநீறு பூசி நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கும்பிட்டேன். ஆனால் உள்ளே ஓடியது வேறு: இன்றைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் பார்ப்போம்.

மச்சான் வந்தான். பூசையறையை எட்டிப் பார்த்தான்.

"என்னா மச்சான், பிள்ளையார் புது டீம் எடுத்துட்டாரா?"

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுண்டல் கிண்ணத்தோடு வாசலுக்குப் போய்விட்டான். ஆட முடியாது, எழுத முடியாது. சரி, வாயால் பேசலாம் என்று இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வழக்கத்தைவிடப் பெரிய சிரிப்பு கேட்டது. நோட்டைப் பூசையில் வைத்ததால் அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை.

நான் பூசையறையில் தனியாக நின்றேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே கையை நீட்டி நோட்டை எடுத்தேன். முருகன் சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருடத்தில் பூசையில் வைத்ததை நான் தொட்டதில்லை. மகளைத் தொட விட்டதுமில்லை. அன்றைக்குத் தொட்டேன், திறந்தேன், படித்தேன்.

என் மகளின் உருண்டை எழுத்து. ஒன்று, தவில்காரர். இரண்டு, கோபுரம். மூன்று, சாமியாடி.

முதலில் புரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வெளிநாட்டுப் பெயர்கூட இல்லை. ஒன்பது பேருக்கும் நான் கிண்டலுக்கு வைத்த பெயர்கள்தான். நான் மறந்துபோன சிலவும் இருந்தன. மூன்றாவதுக்குப் பக்கத்தில் மச்சான் பென்சிலில் கிறுக்கியிருந்தான்: "சாமியாடிதான் ரெண்டு. கோபுரத்துக்குச் சும்மா நின்னு போடுற பந்தே விழாது." அதற்குக் கீழே அவள்: "கோபுரம் அசையாது. போங்க மாமா." அவனும் என் பெயர்களை வைத்துத்தான் சண்டை போட்டிருக்கிறான். ஒரு நிமிடம், சொல்லக்கூடாது, எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

பத்தாவது இடம் காலி. அதில் மச்சானின் பென்சில் எழுத்து: "நமக்கு ஒத்து வரல. மச்சானக் கேப்போம். அவரு பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்துகிட்டு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு."

மகள் எழுதியிருந்தால் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். எழுதியது அவன். பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டான் என்று அதற்கும் பொறாமை வந்தது. என்ன மனுசன் நான்.

"என்னாங்க, அதத் தொட்டுட்டீங்களா?"

கையில் கற்பூரத்தட்டோடு மனைவி நின்றாள். நான் நோட்டை மூடினேன்.

"பாப்பா சின்னப் புள்ளயில பூசையில வெச்ச பென்சிலத் தொட்டுச்சுன்னு ஒரு வருஷம் அந்தக் கத்துக் கத்துனீங்களே!"

"இல்ல, சும்மா பாத்தேன்."

"எனக்குத் தெரியாதா? என் தம்பி மேல எரிச்சல். அத மறைக்கறதுக்குச் சரஸ்வதி பேரா? சாமிய ஏங்க நடுவுல இழுக்கறீங்க?"

அவள் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நோட்டை இருந்த இடத்தில் வைத்து, தலையில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட்டேன். எத்தனை என்று எண்ணவில்லை. அம்மா, பந்தை உனக்காக வைக்கவில்லை, அவனைத் தடுக்க வைத்தேன் என்று வாய்விட்டே சொன்னேன். வாசலில் சிரிப்பு நிற்கவில்லை.

மச்சான் அன்று எங்கள் வீட்டில் தங்கினான். மறுநாள் விஜயதசமி தீபாராதனை முடிந்ததும் நானே நோட்டையும் பந்தையும் எடுத்து மகள் கையில் கொடுத்தேன்.

"பாப்பா, நேத்து அப்பா இதத் தொறந்து படிச்சிட்டேன்மா. தப்பு."

அவள் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பத்தாவது இடத்துக்கு நேராக, என் கட்டைவிரல் அளவில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"மறைக்கவே முடியாதுப்பா. சரி, சொல்லுங்க. யாரப் போடலாம்?"

மச்சான் சர்க்கரைப் பொங்கலைத் தின்றபடி என்னையே பார்த்தான். நான் யோசிக்கவே இல்லை.

"பரிமாறுறவரப் போடு. எல்லாருக்கும் குடுத்துட்டு, தனக்கு இருக்கான்னு பாக்காத ஆளு. அவரு ஒருத்தராச்சும் இருக்கணும்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமாவும் அவரத்தாம்பா சொன்னாரு! நான்தான் ஒத்துக்கல."

எனக்கு உடனே பேரை மாற்றிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. உண்மையாகவே வாயைத் திறந்துவிட்டேன்.

"மச்சான், மாத்தாதீங்க லா" என்றான் அவன், வாய் நிறையப் பொங்கலோடு. "ஒரு தடவயாச்சும் நம்ம ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிப்போம்."

மாற்றவில்லை. அவள் எழுதினாள். அந்தப் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டே, "பையத் தயார் பண்ணு. மாமா வீட்ல அப்பாவே கொண்டுபோயி விடறேன்" என்றேன். அவள் தலை நிமிர்ந்தது. மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். மச்சான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான். நான் மனம் மாறிவிடுவேன் என்று பயந்த மாதிரி மகள் எழுந்து உள்ளே ஓடினாள்.

புறப்படும்போது பந்தை அவள் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அது இங்கயே இருக்கட்டும்மா."

"அப்பா!"

"வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்க. அங்க ஆட மாமா வேற வாங்கித் தருவாரு, அவருக்கு என்னா."

கடைசி வார்த்தையில் அந்தப் பழைய எரிச்சல் வந்துவிட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். பந்தை எடுத்துப் பிரிமணையில் வைத்துவிட்டு வந்தாள்.

அவன் வேறு பந்து வாங்கித்தான் கொடுத்தான். அடுத்த வாரமே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிள்ளான் ஸ்டேஷனில் நிற்கும்போதெல்லாம், இந்த எரிச்சலை எடுத்துவிடு என்று முருகனைக் கேட்கிறேன். இன்னும் முழுதாக எடுக்கவில்லை. இறங்கியதும் அவள் மாமா சொன்னார், மாமா கேட்டார் என்றுதான் தொடங்குகிறாள். ஆனால் வாசலில் இப்போது மூன்று நாற்காலி கிடக்கிறது. கைப்பேசியைச் சாய்க்க நானே ஒரு சின்ன முக்காலி வாங்கிப் போட்டேன். வாராவாரம் பந்துக்கு வைக்கும் குங்குமத்தை மட்டும் நான் துடைப்பதில்லை. அவள் வந்து ஆடினால் தானாகப் போகும்.