திங்கள், வெள்ளியில் ஏறும் முள்

சிறுவாச்சூரைத் தாண்டி, பைபாஸ் ஓரமாக என் அக்கா வீட்டுக்காரர் காசு வாங்கிக் குளிக்கவிடும் ஒரு நீச்சல் குளம் கட்டினார். அவர் இருப்பது துபாயில், குளத்தைப் பார்த்துக்கொள்வது நான். தண்ணீரைச் சுத்தம் செய்யும் மணல் ஃபில்டரில் ஒரு பிரஷர் மீட்டர் இருக்கும். இலை தழை பம்பின் வாயை அடைத்தால் முள் இறங்கும், மணலில் அழுக்குச் சேர்ந்தால் ஏறும். ஏறினால் வால்வைத் திருப்பி, தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டு மணலைக் கழுவ வேண்டும். அந்த அழுக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால் என் மக்காச்சோளக் காட்டை ஒட்டி ஓடியது. வந்தது வினை.

சிறுவாச்சூர் அம்மன் கோயில் நடை திறக்கும் திங்களும் வெள்ளியும் மட்டும் முள் விறுவிறுவென்று ஏறியது. நானும் அன்றைக்கெல்லாம் கழுவினேன். மாமா மோட்டார் ரூமில் கேமரா வைக்கச் சொல்லி, அங்கிருந்தே போனில் பார்க்க ஆரம்பித்தார்.

"ஏன் மாப்ள, மத்த நாள் ஏறாத முள்ளு கோயில் நாள்ல மட்டும் ஏறுதா? சோளத்துக்குத் தண்ணி பத்தலையா?"

உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவளும் ஒருநாள் சோறு போடும்போது, "இந்த வருசம் சோளம் நல்லாருக்காமே" என்றாள். சும்மாதான் கேட்டிருப்பாள். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

நானும் சந்தேகப்படாத ஆளில்லை. அரியலூர்ப் பக்கம் போகும் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி என்று நினைத்தேன். ஆனால் லாரி தினமும்தான் போகிறது. மீட்டரே பொய் சொல்கிறதோ என்று புதுசு மாற்றினேன். அதுவும் அதையேதான் காட்டியது. "மீட்டர்ல எதுக்குக் கைய வச்ச?" என்று உடனே போன் வந்தது.

லீவில் வந்த மாமா, வெள்ளிக்கிழமை கோயிலில் மொட்டை போட்டுச் சந்தனத்தோடு நேராகக் குளத்துக்கு வந்தார். என்ன வேண்டுதல் என்று அக்காவைக் கேட்டேன். அவள் எங்கேயோ பார்த்தாள்.

"தண்ணியத் திருடுறவனக் காட்டிக் குடு தாயேன்னு முடி எறக்கியிருக்காரு."

குளத்தில் இறங்குமுன் மாமா ஷவரில் கழுத்துக்குக் கீழே மட்டும் நனைத்துக்கொண்டார். சாமி சந்தனம் சாக்கடையில் போகலாமா? கோயிலிலிருந்து வருகிற மொட்டைகள் எல்லாருமே அப்படித்தான். பார்த்துப் பார்த்துப் பழகி, எனக்கு அது உறைத்ததே இல்லை. அவர் தலைகுப்புறக் குதித்தார். பின்னாலேயே ஒரு வேன் மொட்டைகளும் குதித்தார்கள். அவர்கள் தலையைச் சுற்றித் தண்ணீர் மஞ்சளாகக் கலங்கியது.

முள் ஏறும்வரை காத்திருந்து, மாமாவைக் கூப்பிட்டு, அவர் கண்ணெதிரே வால்வைத் திருப்பினேன். குழாயிலிருந்து மஞ்சள் கலங்கல் கொட்டியது. வாய்க்கால் முழுக்கச் சந்தன வாசம்.

"ஆத்தா காட்டிக் குடுத்துட்டா மாமா" என்றேன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா தலையைத் தடவிக்கொண்டு நின்றார். கேமராவைக் கழற்றாமலேயே அவர் துபாய்க்குக் கிளம்பிப் போனார். நானும் கழற்றவில்லை. இன்றைக்கும் முள் ஏறினால், வால்வில் கை வைக்குமுன் கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.